18-க்கு 12 அடியில் ஒரு விளையாட்டு அறை

திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு அறை இருக்கிறது. உள்ளளவு 18 அடிக்கு 12 அடி, உயரம் பத்தடிக்குக் கொஞ்சம் குறைவு. வாடகைக்கு விடலாம் என்று கட்டியது. ஆள் வராததால் கொலு பொம்மைப் பெட்டி, பழைய பாய், ஓடாத டேபிள் ஃபேன் எல்லாம் அங்கே குடியேறிவிட்டன. அக்கா பிள்ளைகள் இருவரும் கோடை விடுமுறை முழுக்க இங்கேதான் என்று முடிவானதும், அதைக் காலி செய்து விளையாட்டு அறை ஆக்கலாம் என்று பேச்சு கிளம்பியது. உடனே ஆளுக்கொரு பட்டியல். அக்கா மகனுக்குப் பூல் டேபிள், அக்கா மகளுக்குக் காற்றில் வழுக்கும் வட்டைத் தட்டி ஆடும் ஏர் ஹாக்கி, மனைவிக்கு டேபிள் டென்னிஸ், அப்பாவுக்குக் கேரம். எனக்கு ஆர்கேட் பெட்டி, அதாவது நின்றபடி ஆடும் வீடியோ கேம் பெட்டி. பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைக் கையில் இறுக்கிக்கொண்டு வரிசையில் நின்ற வீடியோ கேம் கடை இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

கடைக்குப் போனால் மேஜையின் அளவைத்தான் சொல்வார்கள். நமக்குத் தெரிய வேண்டியது அதைச் சுற்றி நின்று ஆடுகிறவருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது. அதனால் கடைக்குப் போவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு மேஜையின் அளவையும் சாக்பீஸால் தரையில் வரைந்து, வீட்டு ஆட்களைச் சுற்றி நிற்க வைத்துப் பார்த்தோம். பூல் பந்தை அடிக்கும் கியூ குச்சிக்குப் பதில் ஒட்டடைக் கம்பு. அதில் 58 அங்குலத்தில் ஒரு ரிப்பன் கட்டியாயிற்று.

பூல் டேபிள் அங்கேயே கழன்றது. வீட்டுக்கு வாங்கக்கூடிய சின்ன அளவான 7 அடி மேஜையில், பந்து ஓடுகிற தளம் 78 அங்குலத்துக்கு 39. எங்கள் அறையின் அகலம் 144 அங்குலம். 39 போனால் மிச்சம் 105, பக்கத்துக்கு 52 சொச்சம். கியூவே 57, 58 அங்குலம், அதைப் பின்னால் இழுத்து அடிக்க இன்னும் ஒரு சாண் வேண்டும். ரிப்பன் கட்டிய கம்பைப் பின்னால் இழுத்ததும் சுவரில் டக்கென்று முட்டியது. நீளவாக்கில் பிரச்சினை இல்லை, பக்கவாட்டில் நின்று அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் சுவர்தான் எதிரி. 48 அங்குலக் குட்டைக் கியூ கிடைக்கிறது. ஒன்றிரண்டு மூலைக்கு அது சமாளிக்கும். பாதி ஆட்டத்தைக் குட்டைக் கியூவில் ஆட வேண்டும் என்றால் அந்த மேஜையை வாங்காமல் இருப்பதே மேல்.

எடை விஷயமும் இருக்கிறது. நல்ல மேஜைக்கு அடியில் இருப்பது ஸ்லேட் கல். 7 அடி மேஜையே 300 கிலோவைத் தாண்டுவது உண்டு. ஐஎஸ் 875 என்ற இந்தியத் தர விதிப்படி, வீட்டு அறைத் தளத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் சுமை கணக்கு, அதாவது ஏறத்தாழ 200 கிலோ. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு 1.5 கிலோநியூட்டன்தான். மாடி அறைகள் பல, முதலில் மொட்டை மாடியாகக் கணக்குப் போட்ட தளத்தின் மேல் பிற்பாடு எழுப்பியவை. மொத்த எடையைப் பரப்பால் வகுத்தால் தாங்கும் என்றுதான் வரும், ஆனால் எடை இறங்குவது நாலு காலில். கீழே பீம் எங்கே ஓடுகிறது என்று பொறியாளரிடம் காட்டாமல் மாடியில் ஸ்லேட் மேஜை ஏற்ற வேண்டாம். கல்லுக்குப் பதில் எம்டிஎஃப் என்ற, மரநாரை அழுத்திச் செய்த பலகை வைத்த மேஜை எடை குறைவு, ஆனால் ஈரம் ஏறினால் வளையும். வளைந்த மேஜையில் பந்து தன் இஷ்டத்துக்குத்தான் போகும்.

அக்கா மகனுக்கு முகம் சுருங்கியது. பூல் மாதிரியே கியூவால் ஆடும் ஸ்னூக்கர் 1875-ல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் ஆடத் தொடங்கிய ஆட்டம் என்றும், அதன் விதிகளை 1882-ல் நம் ஊட்டி கிளப்பில்தான் எழுதி மாட்டினார்கள் என்றும் சொல்லி ஆறுதல் படுத்தப் பார்த்தேன். "அப்ப ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போங்க மாமா" என்றான்.

டேபிள் டென்னிஸ் மேஜை 9 அடிக்கு 5 அடி. சரியாகச் சொன்னால் 2.74 மீட்டருக்கு 1.525 மீட்டர், உயரம் 76 சென்டிமீட்டர். எங்கள் அறையில் போட்டால் முனைகளில் நாலரை அடியும் பக்கங்களில் மூன்றரை அடியும் மிஞ்சும். சர்வதேசப் போட்டிக்கு ஆடுகளமே 14 மீட்டருக்கு 7 மீட்டர் என்பதால், பயிற்சி எடுத்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சாப்பிட்ட பிறகு ஆடும் குடும்ப ஆட்டத்துக்கு இது போதும். நடுவில் மடித்து, சக்கரத்தில் தள்ளி ஓரம் கட்டுகிற வகையை எடுத்தோம். இல்லாவிட்டால் அறையில் வேறு எதற்கும் இடமில்லை. பாதியை மட்டும் நிமிர்த்தி வைத்தால் தனியாளாக அடித்துப் பழகலாம்.

வாங்கும்போது கையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கட்டும். பந்தை 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் எழ வேண்டும் என்பது விதி. மேஜையின் நடு, முனை, ஓரம் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவு எழ வேண்டும். கடையில் 12 மில்லிமீட்டர் பலகையில் பந்து சோம்பலாக எழுந்தது, மூலைக்கு மூலை வித்தியாசம் வேறு. பக்கத்திலிருந்த 18 மில்லிமீட்டர் பலகையில் அந்தக் குறை இல்லை. கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

விசிறியை மறந்துவிடாதீர்கள். பந்தின் எடை 2.7 கிராம். சீலிங் ஃபேன் ஓடினால், தூக்கி அடித்த பந்து விசிறி சொல்கிற இடத்தில்தான் விழும். திருச்சி வெயிலில் ஃபேன் இல்லாமலும் ஆட முடியாது. மேஜைக்கு மேலிருந்த ஃபேனைக் கழற்றிவிட்டு, ஆடுபவர்களின் முதுகுப் பக்கம் சுவரில் ஆளுக்கொன்றாகச் சின்ன விசிறி மாட்டினோம். காற்று முதுகில் படும், மேஜைக்கு மேல் வராது.

ஏர் ஹாக்கியை நான் ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தேன். மால்களில் இருப்பது எட்டடி மேஜை, உள்ளே பெரிய ஊதுவிசிறி. வீட்டுக்கென்று விற்கும் நாலு, ஐந்தடி மேஜைகளில் சின்ன விசிறிதான், வட்டு நடுவில் வழுக்கும், ஓரத்தில் உட்கார்ந்துவிடும். அதன் உயிரே ஊசித் துளைகள். மாடித் தூசியும் கேரம் பவுடரும் சேர்ந்தால் துளை அடைத்துக்கொள்ளும், கரண்ட் போனால் ஆட்டமும் போச்சு. அக்கா மகளுக்கு அதற்குப் பதிலாக ஃபூஸ்பால், கம்பியில் கோத்த பொம்மைகளால் ஆடும் மேஜைக் கால்பந்து.

ஃபூஸ்பால் வாங்கும்போது பொம்மையின் பெயின்டைப் பார்க்காதீர்கள், கம்பியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கம்பி மேஜையின் பக்கச் சுவரைத் தாண்டும் இடத்திலுள்ள புஷ் என்ற வளையம் தளர்ந்து கடகடவென்றால் வேண்டாம். காலுக்கடியில் திருகி ஏற்றி இறக்கும் பாதம் இருக்க வேண்டும். பந்தை நாலு மூலையிலும் வைத்து விட்டுப் பாருங்கள். பொம்மைக் கால் எட்டாத இடத்தில் நின்றுவிட்டால் ஒவ்வொரு ஆட்டத்திலும் கை விட்டு எடுக்க வேண்டிவரும். கம்பிக்குச் சிலிக்கான் ஸ்பிரே மட்டும்; தேங்காய் எண்ணெய், மெஷின் எண்ணெய் எல்லாம் தூசியைச் சேர்த்துக் களிம்பாக்கிவிடும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில், எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டு வராத மடக்குக் கம்பி நல்லது. கம்பியின் முனை சரியாகக் குழந்தையின் முகத்து உயரத்தில் இருக்கும். கம்பியைப் பம்பரம் மாதிரிச் சுழற்றக் கூடாது என்பது ஆட்ட விதியிலேயே உண்டு. எங்கள் வீட்டில் அந்த விதி அமலுக்கு வரவில்லை.

கேரம் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேச விடவில்லை. "சர்வதேச கேரம் சம்மேளனத்தையே 1988-ல் மெட்ராஸ்லதான் ஆரம்பிச்சாங்க, உனக்கு என்ன தெரியும்" என்றார். உலகப் பட்டம் வென்று, 1996-ல் அர்ஜுனா விருதும் வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர் என்பதும் அப்பா வாயால் நூறு தடவை கேட்டதுதான். போர்டைத் தேர்ந்தெடுக்க அவரே வந்தார்.

தெருவில் நாம் ஆடிய மெல்லிய போர்டுக்கும் முறையான போர்டுக்கும் வித்தியாசம் கையில் உடனே தெரியும். ஆடுதளம் 74 சென்டிமீட்டர் சதுரம், பலகை குறைந்தது 8 மில்லிமீட்டர் என்பது போட்டி அளவு. நாலு மில்லிமீட்டர் போர்டும் கடையில் இருக்கிறது, தட்டினால் டப்பா சத்தம் வரும். அப்பா செய்த சோதனை இது: 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் எதிர்ச் சட்டத்தை நோக்கி நேராக அடிப்பது. அது போய்த் திரும்பி, மறுபடி போய், குறைந்தது மூன்றரை ஓட்டம் ஓட வேண்டும். சட்டம் மென்மரமாக இருந்தால் இரண்டாவது ஓட்டத்திலேயே மூச்சு வாங்கும். பிறகு காயைக் குறுக்கு மூலைக்கு மெதுவாக உருட்டிவிட்டு, வளைகிறதா என்று குனிந்து பார்த்தார். மூன்று போர்டைத் தள்ளிவிட்டு 12 மில்லிமீட்டரில் ஒன்றை எடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வேலை. மாடி அறையின் தரை, தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்துப் போட்ட தரை. ஸ்டாண்டில் போர்டை வைத்து ரசமட்டம் போட்டால் குமிழி ஒரு பக்கம் ஓடுகிறது. மேஜையைச் செதுக்க வேண்டியதில்லை: ஆசாரி மிச்சம் போட்ட மைக்காத் துண்டுகளைச் சதுரமாக வெட்டி, தாழ்ந்த காலுக்கு அடியில் ஒன்றொன்றாகச் செருகிக்கொண்டே போனால் போதும். ஒரு துண்டு ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும் என்பதால் நிதானமாகச் சரிசெய்யலாம். முதலில் ஒரு திசை, பிறகு போர்டைத் தொடாமல் ரசமட்டத்தை மட்டும் கால் வட்டம் திருப்பி மறு திசை. ஸ்டாண்டின் உயரம் 63-லிருந்து 70 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து ஆட முழங்கை சரியாக வரும்.

அறை நடுவிலுள்ள குழல் விளக்கு கேரமுக்கு உதவாது, நம் தலை நிழலே போர்டில் விழும். போர்டுக்கு நேர் மேலே குடை வைத்த ஒற்றை விளக்கு தொங்க வேண்டும். பழைய விதிப்படி 60-லிருந்து 100 வாட் குண்டு பல்பு. இப்போது 9 வாட் எல்இடி அந்த வெளிச்சத்தைக் கொடுத்துவிடுகிறது, சூடும் இல்லை. போரிக் பவுடரைச் சிட்டிகை அளவு போட்டால் போதும். வாயில் கை வைக்கிற வயதுக் குழந்தைகள் இருந்தால் டப்பாவை உயரத்தில் வையுங்கள், ஆடி முடித்ததும் கை கழுவச் சொல்லுங்கள்.

இனி என் பெட்டி. ஆயிரக்கணக்கில் கேம் அடக்கம் என்று விளம்பரம் செய்யும் ரெடிமேட் ஆர்கேட் பெட்டிகள் கிடைக்கின்றன. பட்டியலில் ஒரே கேம் ஏழு பெயரில் இருக்கும். நாம் திரும்பத் திரும்ப ஆடப்போவது ஆறோ ஏழோதான். அந்த ஆறேழை முதலில் எழுதினால், பெட்டியின் பாதி வடிவம் தானாக முடிவாகிவிடும். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் 1978, பேக்-மேன் 1980, டாங்கி காங், கலாகா இரண்டும் 1981: இவையெல்லாம் நெட்டுத் திரைக்காகச் செய்தவை. 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 மாதிரியான சண்டை கேம்கள் படுக்கைத் திரை. என் மனசு நெட்டுத் திரைப் பக்கம். பிள்ளைகளுக்குச் சண்டை. அதனால் மானிட்டரைச் சுழற்றி மாட்டக்கூடிய தாங்கி வைத்தேன்.

மானிட்டருக்கு, அலுவலகங்களிலிருந்து கழித்துக்கட்டிய 19 அங்குலச் சதுர வகை சரியாக இருக்கும். 1280-க்கு 1024, பழைய கேம்களின் விகிதத்துக்கு அகலத் திரையைவிட இதுதான் நெருக்கம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கும்போது ஒரு விஷயம் செய்தேன்: கடையிலேயே ஆன் செய்து, திரையை நெட்டாகத் திருப்பி, இடது பக்கம் ஒருமுறை, வலது பக்கம் ஒருமுறை நின்று பார்த்தேன். டிஎன் வகைப் பேனல்களில் மேலிருந்தும் கீழிருந்தும் பார்த்தால் நிறம் மாறும். அதைத் திருப்பி வைத்தால் அந்தக் குறை பக்கவாட்டுக்கு வந்துவிடும், இரண்டு பேர் நின்று ஆடினால் ஒருவருக்கு வெளிறும், மற்றவருக்கு இருளும். ஐபிஎஸ் பேனலில் இந்தத் தொல்லை இல்லை. நாலாவதாகப் பார்த்ததுதான் தேறியது.

உள்ளே ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி, அதில் பழைய கேம்களுக்கான ரெட்ரோபை மென்பொருள். பழைய கேம்களை ஓட்டும் மேம் எமுலேட்டர் 1997-லிருந்து இருக்கிறது, இலவசம். ஆனால் ரோம் கோப்புகளுக்கு, அதாவது கேம்களின் நகல் கோப்புகளுக்கு, பதிப்புரிமை உண்டு. கிரிட்லி, ராபி ரோட்டோ போன்ற சிலவற்றை வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு உரிமையாளர்களே அனுமதித்திருக்கிறார்கள். பழைய கேம்களைத் தொகுத்து உரிமத்தோடு விற்கவும் செய்கிறார்கள்.

மரவேலைக்குத் தெரிந்த ஆசாரி வந்தார். எம்டிஎஃப் வேண்டாம் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஐப்பசி மழையில் மாடி அறைச் சுவர் வியர்க்கும், எம்டிஎஃப் ஓரம் உப்பிவிடும். தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 முத்திரை போட்ட 18 மில்லிமீட்டர் பலகை, எட்டுக்கு நாலு ஒரு ஷீட். அதில் ஐந்தரை அடிக்கு இரண்டடியில் பக்கப் பலகை இரண்டும் அடுத்தடுத்து வந்துவிடும், மிச்சத் துண்டில் அடித்தளம். முன்னும் பின்னும் 12 மில்லிமீட்டர். இரண்டு பேர் தோள் இடிக்காமல் நிற்க, உள் அகலம் 70 சென்டிமீட்டர் வைத்தோம்.

"தம்பி, இது படியில ஏறுமா?" என்று ஆசாரி கேட்டது நல்ல கேள்வி. பெட்டியைக் கீழ்த்தட்டு, மேல்தட்டு என்று இரண்டாகச் செய்து, மாடியில் வைத்து உள்ளிருந்து போல்ட் போட்டோம்.

கட்டுப்பாட்டுப் பலகைதான் பெட்டியின் உயிர். தரையிலிருந்து 95 சென்டிமீட்டர் உயரம். பிள்ளைகளுக்கு ஒரு முக்காலி. சான்வா மாதிரியான ஜப்பானிய வகைப் பொத்தான் மெல்லிய தகட்டில் சொருகுவதற்கானது, பிளைவுட்டில் கவ்வாது. மரை போட்டு இறுக்கும் நீளக் கழுத்துப் பொத்தான்தான் மரப் பலகைக்கு. ஜாய்ஸ்டிக்கில் வேறு சிக்கல்: 12 மில்லிமீட்டர் பலகைக்கு அடியில் மாட்டினால், அந்த 12 மில்லிமீட்டரும் தண்டின் உயரத்தில் போய்விடும், மேலே குட்டையாக நிற்கும். அடிப்பக்கத்தில் மரம் குடையும் ராவுட்டர் கருவி வைத்துக் குழி எடுத்து ஏற்ற வேண்டும். ஆசாரி அஞ்சு மில்லிமீட்டர் விட்டுக் குழித்தார். அந்த மெலிவை ஈடுகட்ட மேலே இரண்டு மில்லிமீட்டர் இரும்புத் தகடு, அதன்மேல் கறுப்பு ஸ்டிக்கர்.

பேக்-மேனுக்கு நாலு திசை ஜாய்ஸ்டிக் வேண்டும். எட்டு திசையில் ஆடினால் திருப்பத்தில் குறுக்குத் திசை பதிவாகி, பேக்-மேன் நினைத்த பக்கம் திரும்பாது. தண்டைச் சுற்றியுள்ள சதுரச் சட்டத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டால் எட்டு நாலாகிற வகை உண்டு, அதை எடுத்தேன். மாற்றுவதற்குப் பலகையைத் திறக்க வேண்டும் என்பதால் அதைக் கீலில் மாட்டியிருக்கிறோம்.

வயரிங் பயப்படும்படி இல்லை. ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு வயர், பொத்தான் அழுத்தத்தைக் கணினிக்குச் சொல்லும் யூஎஸ்பி என்கோடர் பலகையில் சொருக வேண்டியதுதான். ஆனால் ஒரே மாதிரியான என்கோடர் இரண்டு போட்டால், சில சமயம் மறுபடி ஆன் செய்யும்போது முதல் ஆட்டக்காரரும் இரண்டாம் ஆட்டக்காரரும் இடம் மாறிவிடுவார்கள். எந்த யூஎஸ்பி துளையில் இருப்பது யார் என்று லினக்ஸில் ஒரு விதி எழுதிக் கட்டிப்போட்டேன். எழுத விருப்பமில்லாதவர்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்த ஒற்றை என்கோடரை வாங்கிவிடுங்கள்.

கரண்ட் விஷயம் தனி. பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். கைப்பேசிச் சார்ஜரைச் சொருகினால் திரை மூலையில் மின்னல் குறி வந்து, ஆட்டம் தடுமாறும். ஒலிபெருக்கிச் சில்லுக்கு ராஸ்பெர்ரி பையிலிருந்தே மின்சாரம் கொடுத்தால் பின்னணியில் இரைச்சல் வரும், அதற்குத் தனி அடாப்டர். பட்டென்று கரண்ட் போனால் எஸ்டி கார்டு கெட்டுப்போகும் என்பது பெரிய பயம். ராஸ்பெர்ரி பையின் அமைப்பில் ஓவர்லே என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் கார்டில் எதுவும் எழுதப்படாது, எத்தனை முறை கரண்ட் போனாலும் பழையபடி எழும். ஆனால் பிள்ளைகள் எடுத்த ஹைஸ்கோரும் சேர்ந்து அழியும், அப்புறம் வீட்டில் நிம்மதி இருக்காது. கேம்களையும் ஸ்கோரையும் தனிப் பென்டிரைவில் வைத்தால் அந்தச் சண்டையும் இல்லை.

இடம் பிரித்தது இப்படி: ஆர்கேட் பெட்டி கதவுப் பக்க மூலையில், கேரமுக்கு எதிர்க் கோடியில். பவுடர் பறந்து பொத்தான் சுவிட்சுக்குள் இறங்கக் கூடாது. ஃபூஸ்பால் நீளச் சுவரோரம், ஆடும்போது மட்டும் வெளியே இழுக்கிறோம். டேபிள் டென்னிஸ் மேஜை விரிக்கிற அன்று கேரம் ஸ்டாண்டு மடங்கிச் சுவரில் சாய்கிறது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. டேபிள் டென்னிஸ் பந்து கேரம் விளக்குக் குடையில் அடித்துக்கொண்டே இருக்கிறது. கூரைக் கொக்கியிலிருந்து அதை எடுத்துவிட்டு, சுவரில் கீல் போட்ட இரும்புக் கையில் மாட்டி, வேண்டும்போது போர்டுக்கு மேல் திருப்பிக்கொள்ளலாம் என்று வெல்டிங் பட்டறையில் கேட்டிருக்கிறேன். மூன்றடிக் கை, முக்கால் அங்குலக் குழாய். வயர் குழாய்க்குள்ளேயே ஓட வேண்டும், கீல் பக்கத்தில் மட்டும் ஒரு சுற்று தளர்வாக விட வேண்டும். அப்பா அதற்குள் தினமும் இரண்டு தடவை கேட்டாயிற்று.